‘பவர்’ கூடிய ஆன்டிபயாடிக் என்று ஒன்று இல்லை

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில்தான் நுண்ணுயிரியலும் மருந்தியலும் வருகின்றன. ஆன்டிபயாடிக் பாடத்தைத் தொடங்குகிற அன்று, புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். “ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்னா என்ன? உங்க பாட்டிக்குப் புரியிற மாதிரி ஒரு வரியில சொல்லுங்க.”

வருடா வருடம் ஒரே பதில்தான். “அடிக்கடி மாத்திரை சாப்பிட்டா உடம்பு அதுக்குப் பழகிடும் மேடம். அப்புறம் பவர் ஜாஸ்தியா குடுத்தாத்தான் கேட்கும்.”

நீட் தேர்வில் உயிரியல் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்த பிள்ளைகள்தான். ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும் விளக்கமும் இவர்கள் தரும் விளக்கமும் ஒன்றாக இருக்கிறது. அவர்கள் மேல் குற்றமில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் போன இடத்திலெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம்.

அந்தப் பதிலில் இரண்டு பிழைகள் உண்டு. மருந்துக்கு ஈடுகொடுக்கப் பழகுவது உடம்பு இல்லை. பவர் என்பதும் கிடையாது. இந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் மீதிப் பாடம் தானாக இறங்கும். வகுப்பில் சொல்கிற வரிசையிலேயே இங்கும் சொல்கிறேன். வெள்ளைக் கோட்டு போடாதவர்களும் பின்தொடரலாம்.

சுவர் இருந்தால்தான் இடிக்க முடியும்

பாக்டீரியா ஒற்றைச் செல் உயிரி. பெரும்பாலான பாக்டீரியாவுக்குச் செல்லைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் உண்டு. மனித செல்லுக்கு அந்தச் சுவர் இல்லை. பென்சிலின் வகை மருந்துகள் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. சுவர் கட்டுகிற வேலையை அவை தடுக்கின்றன. கிருமி வளரும்போது சுவர் விரிசல் விட்டு, செல் உடைந்துபோகிறது. நம் செல்களில் சுவரே இல்லாததால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. வேறு சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியா புரதம் தயாரிக்கும் இடத்தைத் தாக்கும், இன்னும் சில அதன் டி.என்.ஏ. வேலையை நிறுத்தும். எதுவானாலும் கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத, அல்லது நம்மிடம் வேறு மாதிரி இருக்கிற ஓர் உறுப்புதான் குறி.

வைரஸுக்கு இந்தச் சுவரும் இல்லை, சொந்தமாகப் புரதம் தயாரிக்கிற இடமும் இல்லை. நம் செல்லுக்குள் நுழைந்து நம் சாமான்களை வைத்தே சமைத்துச் சாப்பிடுகிற விருந்தாளி அது. ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ் வேலை. இவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது மாதிரி. 2023 மார்ச்சில் நாடு முழுவதும் இருமல் காய்ச்சல் பரவியபோது, இதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. டாக்டர்களுக்கே அப்படி நினைவூட்ட வேண்டியிருந்தது.

“ஆனா எனக்கு அஞ்சு நாள்ல சளி சரியாச்சே?” என்பார்கள். சும்மா இருந்திருந்தாலும் அநேகமாக அதே ஐந்து நாளில் சரியாகியிருக்கும். மாத்திரைக்குப் பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சல்லடையில் மிஞ்சும் கப்பி

இப்போது முதல் பிழைக்கு வருவோம். தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகும், உண்மைதான். அந்த மருந்து வேலை செய்யும் இடம் நம் மூளை. ஆன்டிபயாடிக் வேலை செய்யும் இடம் கிருமி. ஆகவே மாறுவதும் கிருமிதான். ஓர் ஆன்டிபயாடிக் மருந்தால் சாகவோ வளராமல் நிற்கவோ வேண்டிய கிருமி, அதையும் தாண்டி வளரும் திறன் பெற்றிருப்பதைத்தான் மருந்தெதிர்ப்பு என்கிறோம்.

பிறந்து மூன்றே நாளான குழந்தையின் ரத்தத்தில், பல மருந்துகளுக்கு அசையாத கிருமியைப் பார்க்க முடிகிறது. அந்தக் குழந்தை எந்த மாத்திரைக்குப் பழகியது? ஒரு மாத்திரையும் விழுங்கியதில்லை. ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற கிருமி அதன் உடம்பில் வந்து ஏறிக்கொண்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதுதான் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைப்பார்கள்.

சரி, கிருமி எப்படி எதிர்ப்பைப் பெறுகிறது? மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறதா? இல்லை. வீட்டில் மாவு சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடை கப்பியை உண்டாக்குவதில்லை. கப்பி மாவுக்குள் முன்பே கலந்து கிடந்தது. சலித்தபோது நைசெல்லாம் கீழே இறங்கிவிட, கப்பி மட்டும் மேலே மிஞ்சியது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். அது தாங்குகிற கிருமியை உண்டாக்குவதில்லை, தாங்காததையெல்லாம் கழித்துவிட்டுத் தாங்குவதை மிச்சம் வைக்கிறது. கனடாவின் யூக்கான் பகுதியில் சுமார் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலேயே மருந்தெதிர்ப்பு மரபணுக்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். மனிதன் மாத்திரை செய்யக் கற்பதற்கு வெகுகாலம் முன்பே கப்பி இருந்திருக்கிறது.

ஆனால் உவமை இந்த இடத்தில் முறிகிறது. கப்பி குட்டி போடாது, கிருமி போடும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து மணி நேரத்தில் 30 முறை இரட்டிப்பு. கணக்குப் போட்டால் 107 கோடி. இவ்வளவு பிரதியெடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விழத்தான் செய்யும். அந்த மரபணுப் பிழைக்குப் பெயர் திடீர்மாற்றம். கோடிக்கணக்கில் பிழை விழும்போது, ஏதோ ஒன்று தற்செயலாக மருந்தைத் தாங்கும் பிழையாக அமைந்துவிடுகிறது. மருந்து வந்து மற்றதையெல்லாம் கழித்ததும், மொத்த இடமும் அந்த ஒன்றுக்குத்தான்.

காசநோய்க்கு ஏன் ஒரே மாத்திரை தருவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். 1948-இல் பிரிட்டனில் வெளியான புகழ்பெற்ற சோதனையில், ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் போட்டவர்கள் முதலில் நன்றாகத் தேறினார்கள். பிறகு பலருடைய கிருமி அந்த மருந்துக்கு அசையாமல் போனது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரேசமயத்தில் தாங்கும் பிழை ஒரே கிருமிக்கு வாய்ப்பது மிக மிக அரிது. அப்படிப்பட்ட கூட்டு மருந்தை வீட்டில் வைத்தே கொடுக்கலாம், சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை என்று உலகுக்குக் காட்டியது சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம். அந்த முடிவு வெளிவந்தது 1959-இல். நம்மூர்ப் பிள்ளைகளே இதை அறியாமல் டிகிரி வாங்கிப் போகிறார்கள் என்பது என் தனிக் குறை.

நோட்ஸ் கை மாறுவது போல

திடீர்மாற்றம் மட்டும் என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். கிருமிகளிடம் இன்னொரு வழி இருக்கிறது. மாணவர்களுக்கு இதை விளக்க எனக்கு உவமை தேட வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் ஒருவர் எழுதிய நோட்ஸ் ஜெராக்ஸ் கடைக்குப் போய், விடுதி முழுக்கப் பரவி, அடுத்த கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலும் வந்து நிற்கும். அதைப் படிக்க எழுதியவரின் தம்பியாக இருக்க வேண்டியதில்லை.

பாக்டீரியாவின் முதன்மை மரபுப் பொருளுக்கு வெளியே, வளையம் போன்ற ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டு தனியாக இருப்பதுண்டு. அதுதான் பிளாஸ்மிட். ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொன்றைத் தொட்டு, பிளாஸ்மிட்டின் நகலைக் கொடுத்துவிடும். வாங்குவது அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளை முறியடிக்கும் குறிப்புகள் சேர்ந்திருக்கலாம்.

அந்தக் குறிப்புகளில் என்ன எழுதியிருக்கும்? மருந்தை வெட்டிப்போடும் என்சைமை எப்படிச் செய்வது, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து எப்படி வெளியே இறைப்பது, மருந்து வந்து பொருந்தும் இடத்தை எப்படி மாற்றி வைப்பது. பூட்டை மாற்றிவிட்டால் சாவி இருந்தும் பயனில்லை அல்லவா, அது மாதிரி. முதல் ஆண்டுகளில் இவ்வளவு தெரிந்தால் போதும், என்சைம்களின் பட்டியல் பிறகு வரும்.

ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம் ஊரும் இருக்கிறது. என்.டி.எம்.-1 என்ற என்சைம், கார்பபெனம் எனப்படும் மிக முக்கியமான மருந்துக் குடும்பத்தையே வெட்டிப்போடும். 2010-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இது பரவியிருப்பதைக் காட்டியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 என்று மாதிரிகள் அகப்பட்டன. என்.டி. என்பது ‘நியூ டெல்லி’யின் சுருக்கம். பெயரில் அது ஏன் என்று நாடாளுமன்றம் வரை சண்டை நடந்தது. பெயர்ச் சண்டைக்குக் கிடைத்த கவனத்தில் பாதி மருந்துச் சீட்டுக்குக் கிடைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, இதற்கு என்ன செய்வது என்று ஒரு திட்டம் வகுத்தன. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்று பெயர்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பைப் பெறுவது கிருமி. மருந்து அதை உண்டாக்குவதில்லை, சலித்தெடுக்கிறது. சலித்தெடுத்தது பெருகும், தன் குறிப்பை அயலாருக்கும் கொடுக்கும். ஆகவே ஒருவர் விழுங்கிய மாத்திரையின் விளைவு அவரோடு நிற்பதில்லை.

கடைசி வாக்கியம் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945 டிசம்பரில் நோபல் உரையிலேயே ஒரு குட்டிக் கதை சொன்னார். தொண்டைவலி வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார். அவர் தொண்டைக் கிருமி எதிர்ப்புப் பெற்று மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா; பென்சிலின் கேட்கவில்லை; இறந்துபோகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் ஃப்ளெமிங். கணவர்தான் என்பது அவர் பதில். பென்சிலின் பரவலாகக் கைக்கு வந்து சில ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது.

‘ஹையர்’ என்கிற ஏணி

இரண்டாவது பிழை இன்னும் பிடிவாதமானது, ஏனென்றால் வார்டிலும் அதுதான் பேச்சுவழக்கு. “காய்ச்சல் இறங்கல, ஹையர் ஆன்டிபயாடிக் போட்டிருக்கோம்” என்று உறவினர்களிடம் சொல்கிறோம். உறவினர்களும் ‘நல்ல மருந்து போட்டுவிட்டார்கள்’ என்று ஆறுதல் அடைகிறார்கள். கீழ்ப்படியில் அமாக்சிசிலின், மேல்படியில் மெரோபெனம் என்று ஓர் ஏணி எல்லோர் மனத்திலும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படி ஓர் ஏணி இல்லை. மருந்துகளுக்குள் இருப்பது அகலம். சில மருந்துகள் சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும், சில பலவகைகளைத் தாக்கும். இதைத்தான் வீச்சு என்கிறோம். வீச்சு அகலமாக இருந்தால் வலிமை கூடுதல் என்று பொருள் இல்லை. வலை பெரிதென்பதால் நெத்திலி நன்றாகச் சிக்கிவிடுமா?

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒரு முக்கிய பாக்டீரியா, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எண்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் சாதாரணப் பென்சிலின் அதற்குக் கேட்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலந்திருந்து, அது க்ளாக்சசிலினுக்கோ செஃபசோலினுக்கோ கேட்கும் வகையாக இருந்தால், ‘ஹையர்’ என்று எல்லோரும் மரியாதை தரும் வாங்கோமைசினைவிட அந்தப் பழைய மருந்துகளால்தான் நோயாளிகள் நன்றாகப் பிழைக்கிறார்கள். இதைச் சொல்லும்போது மாணவர்கள் நம்பாமல் பார்ப்பார்கள். வார்டில் இதற்கு நேர்மாறாகக் கேட்டிருப்பார்கள்.

ஏணிக்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஒரு பிரிவினை தந்தது. முதல் பிரிவு, சாதாரணத் தொற்றுகளுக்கு முதலில் எடுக்க வேண்டியவை: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், நைட்ரோஃபுரான்டாயின் போன்றவை. இரண்டாவது, எதிர்ப்பைத் தூண்டும் ஆபத்து அதிகம் என்பதால் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை. மூன்றாவது, வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் எடுக்க வேண்டிய கொலிஸ்டின், லினசோலிட் போன்ற இருப்பு மருந்துகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொண்டை கரகரத்தாலே பலர் மூன்று நாளுக்கு வாங்கி விழுங்குகிற அசித்ரோமைசின் எந்தப் பிரிவு? இரண்டாவது. ஐ.சி.யூ.வில் ஊசியாக ஏறும் மெரோபெனம் இருக்கிற அதே பிரிவு. 2019-இல் இந்தியாவின் தனியார் மருந்துச் சந்தையில் மிக அதிகம் போன ஆன்டிபயாடிக் எது என்றால், அதே அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரைதான்.

ஒரு தட்டும் சில காகித வில்லைகளும்

பவர் என்ற சொல்லை ஒழிக்க நான் நம்புவது உரையை இல்லை, ஒரு தட்டை. ஆய்வகத்தில் உள்ளங்கை அளவு வட்டத் தட்டு. அதில் வெளிர்மஞ்சள் நிறத்தில், கடற்பாசி கலந்து உறைய வைத்த ஊட்டப் பொருள். நோயாளியின் சிறுநீரிலிருந்து வளர்த்தெடுத்த ஈ.கோலையை உப்பு நீரில் லேசாகக் கலங்கும் அளவுக்குக் கரைத்து, பஞ்சுக் குச்சியால் தட்டு முழுவதும் மூன்று திசையில் தேய்க்க வேண்டும். கோலத்துக்கு முன் வாசல் மெழுகுவது போல, ஓர் இடமும் விடாமல். அதன்மேல் மருந்து ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைத்து, சூட்டுப்பெட்டியில் ஓர் இரவு.

மறுநாள் காலை தட்டைத் திறந்தால், மழைக்கால ஈயக் குண்டான் மாதிரி மங்கலாக ஒரு படலம் முழுக்கப் படர்ந்திருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த வட்டம். அங்கே கிருமி வளரவில்லை. சில வில்லைகளின் விளிம்புவரை படலம் ஏறி வந்திருக்கும். அந்த மருந்து அதற்கு வெறும் காகிதம்.

மாணவர் கையில் ஸ்கேலைக் கொடுத்து, வட்டங்களை அளக்கச் சொல்வேன். சிப்ரோஃப்ளாக்சசின் 20 மில்லிமீட்டர். ஜென்டமைசின் 19. “எது நல்ல மருந்து?” என்றால் வகுப்பே “சிப்ரோ” என்று கத்தும். வட்டம் பெரிதாக இருப்பதைத்தான் பவர் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் அட்டவணையைத் திறந்து காட்டுவேன். சிப்ரோ கேட்கிறது என்று சொல்ல, ஈ.கோலைக்கு இன்றைய அளவுகோல்படி வட்டம் 26-க்குக் குறையக் கூடாது. 20 என்றால் எதிர்ப்பு. ஜென்டமைசினுக்கோ 18 இருந்தாலே போதும். 19 என்றால் கேட்கும்.

ஏன் இப்படி? ஒவ்வொரு மருந்தும் அந்த ஊட்டப் பொருளில் ஊறிப் பரவும் வேகம் வேறு, நம் உடம்பில் எட்டும் அளவும் வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி முழக்கோல். ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொன்றின் வட்டத்தோடு ஒப்பிடுவது, சென்டிமீட்டரில் ஒருவர் உயரத்தையும் அங்குலத்தில் ஒருவர் உயரத்தையும் எண்ணாக மட்டும் வைத்துப் பார்ப்பது மாதிரி. இந்தத் தட்டை ஒருமுறை தானே அளந்தவர் அதற்குப் பிறகு என் முன்னால் பவர் என்று சொல்வதில்லை. என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்களோ என்னவோ.

ரிப்போர்ட்டுக்கு மருந்து எழுதாதே

இந்தச் சோதனைக்குப் பொதுவாகக் கல்ச்சர் என்று பெயர்: நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்ப்பது. கல்ச்சரை மதிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு, அதை அளவுக்கு மீறி நம்பாமலிருக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கேஸ் தருவேன். அறுபத்தைந்து வயது அம்மா, கண்புரை அறுவைக்கு வந்திருக்கிறார். வழக்கப்படி எல்லா டெஸ்ட்டும் எடுத்ததில் சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்திருக்கிறது. என்ன கொடுப்பாய்?

மருந்துப் பெயர்கள் மழையாகக் கொட்டும். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் உண்டா, நீர்க்கடுப்பு உண்டா, அடிவயிறு வலிக்கிறதா என்று கேட்க ஓர் ஆளுக்குத் தோன்றினால் அன்று எனக்கு நல்ல நாள். எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை. கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் சில அறுவைகளுக்குப் போகிறவர்கள் என்று விதிவிலக்குகள் உண்டு. கண்புரை அதில் சேராது. தேவையற்ற டெஸ்ட் எடுத்தால் தேவையற்ற ரிப்போர்ட் வரும், ரிப்போர்ட் வந்தால் யாராவது அதற்கு மருந்து எழுதிவிடுவார்கள்.

தேவையில்லாத மருந்து சும்மா போய்விடுவதும் இல்லை. குடலில் நமக்கு உதவியாக வாழும் பாக்டீரியாக்கள் ஏராளம். மருந்து அவற்றையும் சேர்த்துக் கழிக்கிறது. நல்ல பயிரை அழித்துவிட்டுத் தரிசாகப் போட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறுவது போல, காலியான இடத்தில் எதிர்ப்புள்ள கிருமிகள் குடியேறும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும் அந்தச் சமயம் பார்த்து வரும்.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது

இவ்வளவு சொன்னதும் மாணவர்கள் மறு கோடிக்கு ஓடிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் என்றாலே பாவம் என்பது போல. அதுவும் ஆபத்து. தொற்று உடம்பெங்கும் பரவி, ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் தடுமாறும் நிலைக்குச் செப்சிஸ் அதிர்ச்சி என்று பெயர். அங்கே ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியாக வேண்டும். கிருமி எதுவென்று தெரியாது, அகலமான வீச்சுள்ள மருந்துதான் சரி. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் டோஸுக்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். ஊசி ஏறிய பிறகு எடுத்தால் கிருமி பாட்டிலில் வளராமல் போகலாம், அப்புறம் நோயாளி வீடு போகும்வரை இருட்டில் கம்பு சுற்ற வேண்டியதுதான். பயிற்சி டாக்டரான சி.ஆர்.ஆர்.ஐ. ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செய்யும் இந்தச் சின்ன வேலைக்கு, பிறகு வரும் பெரிய டாக்டரின் முடிவைவிட மதிப்பு அதிகம் என்று நான் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

இரண்டாவது கட்டம் 48 முதல் 72 மணி நேரத்தில் வருகிறது. அதற்குள் கல்ச்சர் பேச ஆரம்பித்திருக்கும், நோயாளியின் போக்கும் தெரிந்திருக்கும். அப்போது நின்று யோசிக்க வேண்டும். தொற்றுதானா, அகன்ற மருந்திலிருந்து குறுகியதற்கு இறங்கலாமா, ஊசியை மாத்திரையாக்கலாமா, நிறுத்திவிடலாமா. தொடங்குகிற கைக்கு இருக்கும் துணிச்சல் இந்த இடத்தில் வருவதில்லை. போட்ட மருந்து போட்டபடி ஓடிக்கொண்டே இருக்கும். கேஸ் ஷீட்டில் ‘ஆல் ரிப்பீட்’ என்று ஒரே வரி எழுதினால் அது இன்னொரு நாள் ஓடும்.

எத்தனை நாள் என்பதிலும் ஒரு பழைய வாசகம் எல்லோர் வாயிலும் இருக்கிறது: “கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிடும்.” காசநோய்க்கு இது நூற்றுக்கு நூறு சரி. குறைத்தால் நோயும் திரும்பும், எதிர்ப்பும் வரும். ருமாட்டிக் காய்ச்சல் வராமலிருக்கத் தொண்டைத் தொற்றுக்குக் கொடுக்கும் பென்சிலின் மாத்திரைக்கும் பத்து நாள் கணக்கு உண்டு. ஆனால் எல்லாத் தொற்றுக்கும் அதே விதி பொருந்தாது. சிக்கல் இல்லாத நிமோனியாவில் நோயாளி நன்றாகத் தேறிவிட்டால் ஐந்து நாள் போதும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் குடலில் இன்னொரு முறை சலிப்பதுதான். அதற்காக நோயாளி தன்னிஷ்டத்துக்கு நிறுத்தலாம் என்று பொருள் இல்லை. சரியான நாள் கணக்கை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு டாக்டருடையது. சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பது நோயாளியின் உரிமை.

அறுவை சிகிச்சையில் இது இன்னும் அப்பட்டம். சுத்தமான அறுவைக்குத் தடுப்பாகக் கொடுக்கும் மருந்து, கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் ஏறியிருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒரு டோஸே போதும். தையல் பிரிக்கும்வரை தொடர்வது வெறும் பயம்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால் இப்படி: ஆபத்தில் உடனே தொடங்கு, அதற்கு முன் கல்ச்சர் எடு, இரண்டு மூன்று நாளில் மறுபடி யோசி, முடியும் தேதியை முதலிலேயே எழுது.

தர்மகர்த்தா வேலை

இந்தப் பழக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஸ்டூவர்ட்ஷிப் என்கிறார்கள். தமிழில் பொறுப்பான பயன்பாடு, மேலாண்மை என்றெல்லாம் எழுதுகிறோம். எனக்குத் தோன்றும் சொல் தர்மகர்த்தா. கோயில் நிலம் அவருடையது இல்லை. பார்த்துக்கொள்ளலாம், கோயிலுக்குச் செலவழிக்கலாம், தனக்கென்று விற்றுத் தீர்க்க முடியாது. இன்னும் பிறக்காத பக்தனுக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டமும் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்-1 அட்டவணையில் 46 மருந்துகள், அவற்றில் 24 ஆன்டிபயாடிக்குகள். இவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2019-இல் கோழி, கால்நடைத் தீவனங்களில் கொலிஸ்டின் தடை செய்யப்பட்டது. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள். என்னைக் கேட்டால், இந்த மூன்றில் மாணவர் கையில் உடனே மாற்றம் செய்யக்கூடியது கடைசி ஒன்றுதான். ‘காய்ச்சல்’ என்று எழுதிவிட்டு நிற்க முடியாது. எந்தக் காய்ச்சல், எந்த இடத்துத் தொற்று என்று எழுதப் பேனா எடுத்தால், பாதி நேரம் எழுத ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும்.

தேசிய மருத்துவப் பாடத்திட்டத்திலும் இப்போது இதெல்லாம் இருக்கிறது. எதிர்ப்பின் வழிகள் நுண்ணுயிரியலில், பொறுப்பான பயன்பாடு மருந்தியலில். பாடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடைஞ்சல் வேறு. இரண்டாம் ஆண்டில் என்னிடம் மனப்பாடமாக ஒப்பித்தவர், சி.ஆர்.ஆர்.ஐ. ஆகும்போது சீனியர் எழுதுவதைப் பார்த்துத்தான் எழுதக் கற்கிறார். வாய்ப்பாடு என் வகுப்பில், வியாபாரம் வார்டில். அதனால்தான் இப்போதெல்லாம் தேர்வுக்கு மருந்துப் பட்டியல் கேட்பதைக் குறைத்துவிட்டேன். கேஸ் ஷீட் நகல் ஒன்றைப் பெயர் மறைத்துக் கொடுக்கிறேன். மூன்றாம் நாள், காய்ச்சல் இறங்கிவிட்டது, ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, டெங்கு டெஸ்ட் பாசிட்டிவ், அகன்ற வீச்சு ஊசி ஒன்று இன்னமும் ஓடுகிறது. இன்றைய ஆர்டரை எழுது.

போன முறை பெரும்பாலோர் ‘தொடரவும்’ என்று எழுதினார்கள். சிலர் ஊசியை மாத்திரையாக்கியிருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ‘நிறுத்தவும்’ என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாள்.

“ஏம்மா அடிச்ச?”

“நிறுத்தினது யாருன்னு ரவுண்ட்ஸ்ல சீஃப் கேட்டா என்ன மேடம் சொல்றது?”

வகுப்பு சிரித்தது. நான் அந்தத் தாளை வாங்கி, ஆர்டருக்குக் கீழே காலியாகக் கிடந்த ‘காரணம்’ என்ற கட்டத்தைக் காட்டினேன். அவள் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்: டெங்கு உறுதி, கல்ச்சர் 72 மணி நேரம் வளர்ச்சி இல்லை, பாக்டீரியாத் தொற்றுக்கான அறிகுறி இல்லை. கட்டம் போதவில்லை, ஓரத்தில் நுணுக்கி எழுதி முடித்தாள்.